நம்பிக்கை போனாலும் கை போகாது

மும்பை மாட்டுங்கா ஸ்டேஷனில் இறங்கி சந்தைப் பக்கம் நடக்கும் கூட்டத்தில், ஒரு நிமிடம் ஓரமாக நின்று கைகளை மட்டும் கவனியுங்கள். தோளில் லேப்டாப் பை, காதில் போன். கோயில் வாசலைத் தாண்டும்போது பேச்சும் நிற்பதில்லை, நடையும் நிற்பதில்லை. வலக்கை மட்டும் தானாக எழுந்து கன்னத்தில் இரண்டு தட்டுத் தட்டி, நெஞ்சைத் தொட்டு இறங்கிவிடும். அந்தக் கைக்காரர்களில் சிலரிடம் "சாமி உண்டா?" என்று கேட்டுப் பாருங்கள். "அதெல்லாம் எப்பவோ விட்டாச்சு" என்பார்கள்.

கடவுள் நம்பிக்கை போன ஒருவனைப் பற்றி ஒற்றை ஆள் நகைச்சுவை நாடகம் எழுத நினைக்கிறவர்கள் அந்தக் கையிலிருந்து தொடங்கவேண்டும். முதல் வரைவுகள் பெரும்பாலும் வாதத்தில் தொடங்கிக் கெட்டுப்போகின்றன. கடவுள் இருந்தால் சுனாமி ஏன், புற்றுநோய் ஏன் என்று முதல் பத்து நிமிடம் போய்விடும். கேள்விகள் நியாயமானவைதான். ஆனால் வாதத்தை நடிக்க முடியாது, கையை நடிக்கலாம். மனசு விட்டதை உடம்பு விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறதே, அந்த இழுபறியில்தான் சிரிப்பும் இருக்கிறது, துக்கமும் இருக்கிறது.

தமிழில் இதற்கு இன்னொரு சிக்கலும் உண்டு. 'நாத்திகன்' என்றதும் நமக்கு மேடையும் ஒலிபெருக்கியும் நினைவுக்கு வரும். பெரியாரும் எம்.ஆர்.ராதாவும் போட்ட பாதை அது. ராதாவின் நாடகங்கள் கிளப்பிய புயலில் 1954-இல் நாடகத்தைக் கட்டுப்படுத்தத் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே வந்தது. அதைச் சென்னை உயர் நீதிமன்றம் 2013-இல்தான் செல்லாது என்றது. அந்த மரபு பெரியது. ஆனால் அதில் பேசுகிறவர் ஏற்கனவே முடிவெடுத்துவிட்டவர். முடிவெடுக்காமல், யாரிடமும் சொல்லாமல், செவ்வாய்க்கிழமை ராத்திரி தட்டில் விழுந்த முட்டையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவனுக்குத் தமிழில் பெயரே இல்லை. உங்கள் நாடகத்தின் ஆள் அவன்.

முதல் வேலை, எந்த வீட்டுப் பிள்ளை என்று முடிவு செய்வது. 'ஒரு தமிழ்க் குடும்பம்' என்று பொதுவாக எழுதினால் ஒரு சிரிப்பும் விழாது. மாட்டுங்காவின் பாலக்காட்டு பிராமண வீடு என்றால் அவன் கையில் சந்தியாவந்தனம் ஊறியிருக்கும். கேசவ, நாராயண என்று கட்டைவிரலால் இரண்டு கன்னம், மாதவ, கோவிந்த என்று மோதிரவிரலால் இரண்டு கண், விஷ்ணு, மதுசூதன என்று ஆள்காட்டி விரலால் மூக்கின் இரண்டு பக்கம், திரிவிக்ரம, வாமன என்று சுண்டுவிரலால் இரண்டு காது. ஏ.டி.எம். வாசலில் ரகசிய எண் மறந்து நிற்கும்போது அவன் விரல்கள் இந்த வரிசையில் தானாக ஓடினால் சபை புரிந்துகொள்ளும். கத்தோலிக்க வீடு என்றால் மாஹிம் மாதா கோயிலின் புதன்கிழமை நவநாளும், பஸ் ஜன்னலுக்குள் பாதியில் நின்ற சிலுவை அடையாளமும். தாராவியில் குடியேறிய நெல்லைக் குடும்பம் என்றால் ஊரில் ஒரு சுடலைமாடன், ஆண்டுக்கொரு கொடைவிழா, அதற்காக ஒன்றரை நாள் ரயில் பயணம். இஸ்லாமியத் தமிழ் வீட்டுக்கும் இதேபோல் தனிக் கைப்பழக்கம், தனிக் கனம் உண்டு. உங்களுக்கு உள்ளே தெரிந்த வீட்டை மட்டும் எழுதுங்கள். தெரியாத வீட்டிலிருந்து ஒருவனை வெளியேற்றினால் அது வேறொருவர் வீட்டு ஜன்னலில் கல்லெறிவதுபோல் ஆகிவிடும்.

மும்பையில் வீட்டின் அளவும் கதையை மாற்றும். மூன்று அறை வீட்டில் பூஜை அறைக் கதவைச் சாத்திக்கொண்டு சும்மா உட்கார்ந்து எழுந்து வரலாம், யாருக்கும் தெரியாது. பத்துக்குப் பதினைந்து அடியில் ஐந்து பேர் இருக்கும் வீட்டில் டிவிக்கு மேலே சாமித் தட்டு. ஒரு நாள் கும்பிடாமல் நகர்ந்தால் ஐந்து பேருக்கும் தெரியும். நாடகத்துக்குச் சின்ன வீடுதான் நல்லது.

ஒரு காட்சியைக் கிட்டத்தில் பார்க்கலாம். நெல்லை வீட்டையே எடுத்துக்கொள்வோம். அப்பா கோமரத்தாடி, அதாவது கொடையில் சாமி இறங்கி ஆடிக் குறி சொல்கிறவர். அவர் போன பிறகு முறைப்படி மகன் ஆடவேண்டும். அவனுக்கோ மாடன் மேல் நம்பிக்கை போய் இரண்டு வருடம். கொடைக்கு வந்து நிற்கிறான். வில்லுப்பாட்டு தொடங்குகிறது: வில்லில் வீசுகோல் விழுகிறது, குடம் அதிர்கிறது, உடுக்கை ஏறுகிறது. சொந்தக்காரர்கள் எல்லார் கண்ணும் அவன் மேல். ஒன்றும் வரவில்லை. மேளக்காரர் அவனுக்காக வேகத்தைக் கூட்டுகிறார். அப்படியும் வரவில்லை. மூன்றாவது சுற்றில் மேளக்காரர் கை ஓய்கிறதைப் பார்த்து, பாவப்பட்டு ஆடத் தொடங்குகிறான். உடனே அத்தை முன்னால் வந்து, "ஏ மாடா, எம் மவளுக்கு எப்பம் கல்யாணம் கூடிவரும்?" என்கிறாள். வாயில் வந்ததைச் சொல்கிறான்: "தை." தையில் கல்யாணம் ஆகிவிடுகிறது. அதிலிருந்து தாராவியில் இருக்கும் அவன் போனுக்கு வாரம் நாலு அழைப்பு.

இந்தக் காட்சியில் யாரும் முட்டாள் இல்லை. அத்தைக்கு ஒரு பதில் தேவை, மேளக்காரருக்குக் கூலி நியாயமாகவேண்டும், அவனுக்கு யாரையும் நோகடிக்க மனசில்லை. மூன்று நல்லவர்கள் சேர்ந்து ஒரு பொய்யைக் கட்டிமுடிக்கிறார்கள். இப்படி அமைந்த காட்சியில் நம்புகிறவர்களும் நம்பாதவர்களும் ஒரே இடத்தில் சிரிப்பார்கள். அத்தையை மூடநம்பிக்கைக்காரியாகக் குரலை இழுத்துக் காட்டினீர்களோ, பாதி சபை அங்கேயே கதவைச் சாத்திக்கொள்ளும்.

ஆட்டத்தை நடிக்கும் முறையிலும் கவனம் வேண்டும். பொய்யாக ஆடுவதை அரைகுறையாக ஆடிக் காட்டக்கூடாது. முறையாக, முழு மூச்சோடு ஆடவேண்டும், கண் மட்டும் தெளிவாக இருக்கவேண்டும். கண்ணைச் சொருகினால் நிஜச் சாமியாட்டம் ஆகிவிடும், சிரிப்பு போய்விடும். மொத்தம் 40 விநாடி போதும். அதற்கு மேல் ஆடினால் அடுத்த 5 நிமிடம் பேச மூச்சிருக்காது.

வடிவத்துக்கு வெளியே எங்கும் போகவேண்டாம். ஒற்றை ஆளே எல்லாக் குரலுமாகப் பேசி, பாடி, கிளைக்கதைக்குப் போய், திரும்பி வந்து கதையைப் பிடிப்பது கதாகாலட்சேபத்தில் தயாராக இருக்கிறது. நந்தனார் காலட்சேபத்தின் சாயலில் என்.எஸ்.கிருஷ்ணன் செய்த கிந்தனார் காலட்சேபம் 'நல்லதம்பி' படத்தில் (1949) இருக்கிறது. பக்தி வடிவத்தை அப்படியே வைத்துக்கொண்டு படிப்புக்கு ஏங்கும் பையன் கதையை உள்ளே வைத்தார். சிரிப்பு வந்தது, யாரையும் கொச்சைப்படுத்தவும் இல்லை. காரணம், அந்த வடிவம் அவருக்கு அத்துப்படி. கையில் சிப்ளாக்கட்டை என்ற தாளக்கட்டையை எடுத்தால் தாளம் தப்பக்கூடாது. மாட்டுங்கா, செம்பூர் சபையில் தாளம் தெரிந்த நாற்பது பேராவது உட்கார்ந்திருப்பார்கள். மந்திரமோ கவசமோ ஜெபமாலையோ, பிழையில்லாமல் சொல்லுங்கள். தப்பாகச் சொன்னால் 'இவனுக்கு ஆரம்பத்திலிருந்தே ஒன்றும் தெரியாது, இவன் எதை விட்டான்?' என்று ஆகிவிடும். நன்றாகத் தெரிந்ததை விட்டவன் கதைக்குத்தான் கனம்.

நீளம் 65 முதல் 75 நிமிடம், இடைவேளை இல்லாமல். இடைவேளை விட்டால் தேநீரோடு விவாதம் தொடங்கிவிடும், திரும்பி வரும் சபை கட்சி பிரிந்து உட்காரும். சிரிப்புக்கும் நிறுத்தங்களுக்கும் இடம் விட்டு நிமிடத்துக்கு 80 சொல் என்று வைத்தால் 70 நிமிடத்துக்கு 5,600 சொல். பேச்சுத்தமிழில் சொற்கள் ஒட்டிக்கொள்வதால் இந்தக் கணக்கு ஏமாற்றும். வாய்விட்டுப் படித்துக் கடிகாரத்தைப் பார்த்தால்தான் நிஜம் தெரியும். கொடைக் காட்சிக்கு 12 நிமிடம், அம்மாவிடம் சொல்லும் காட்சிக்கு 10 நிமிடம் ஒதுக்குங்கள். மற்றவை 4, 5 நிமிடத் துண்டுகள். புத்தகம் படித்து மனம் மாறிய கட்டம் ஒரு நிமிடம் தாண்டவேண்டாம், படிக்கிறவனைப் பார்த்துக்கொண்டிருக்க யாராலும் முடியாது.

முதல் சிரிப்பு ஒன்றரை நிமிடத்துக்குள் வரவேண்டும், அது நாயகன் மேலேயே விழவேண்டும். இப்படிப்பட்ட நாடகத்துக்கு வருகிறவர்கள் உள்ளே ஒரு பயத்தோடு உட்கார்ந்திருப்பார்கள்: நம்மைத் திட்டப்போகிறானா? பக்கத்தில் மாமியார் வேறு. அவர்கள் தோள் இறங்க அந்த முதல் சிரிப்பு வேண்டும்.

பாத்திரங்கள் ஆறுக்கு மேல் வேண்டாம். அவன், சின்ன வயது அவன், அம்மா, அத்தை, ஊர்ப் பூசாரி, லோக்கல் ரயிலில் தினம் கூட வரும் மராத்தி நண்பன். ஒவ்வொருவருக்கும் ஒரு உடல் அடையாளம், ஒரு பேச்சு, பார்வைக்கு ஒரு திசை. குரலை மாற்றுவதைவிடப் பார்வைத் திசைதான் முக்கியம். அம்மாவாகப் பேசும்போது பார்வை வலப்பக்கம் சற்று மேலே, மகனாகப் பேசும்போது இடப்பக்கம் சற்றுக் கீழே, ஏனென்றால் அம்மா குள்ளம். ஒத்திகையில் எதிர்ச் சுவரில் அந்த உயரங்களில் ஒட்டுநாடா ஒட்டி வையுங்கள். பத்தாவது நாள் நாடாவை எடுத்துவிடலாம். இதில் வழக்கமாக நடக்கும் தப்பு, உணர்ச்சி ஏறும்போது இரண்டு பார்வையும் நடுவுக்கு வந்து சேர்ந்துவிடுவது. அப்போது யார் பேசுகிறார்கள் என்று சபைக்குக் குழம்பும், சரியாக அழவேண்டிய இடத்தில் சிரிப்பார்கள்.

மேடையில் ஒரு ஸ்டூல், ஒரு செம்புத் தண்ணீர், பின்னால் ஒரு சாமித் தட்டு. அந்தத் தட்டில் சாமி படம் எதுவும் வேண்டாம். படங்கள் மாட்டியிருந்த தடம் மட்டும் சுவரில் இருக்கட்டும். இருபது வருடம் விளக்குப் புகை படிந்த சுவரிலிருந்து படத்தைக் கழற்றினால் வெளிறிய சதுரங்கள் தெரியுமே, அது. எந்தப் படமும் இல்லாததால் யாருடைய சாமியும் அவமானப்படவில்லை. பார்க்கிறவர்கள் அந்தச் சதுரத்தில் அவரவர் வீட்டுச் சாமியை மாட்டிக்கொள்வார்கள்.

அதைச் செய்யும் விதம்: 6 மி.மீ. பிளைவுட், 2 அடிக்கு 3 அடியில் இரண்டு துண்டு, நடுவில் கீல். மடித்தால் லோக்கல் ரயிலின் லக்கேஜ் பெட்டியில் கொண்டுபோகலாம். ஒரே பலகையாக 4 அடி அறுத்தால் டெம்போ வைக்கவேண்டி வரும். முதலில் வெளிர் மஞ்சள் இரண்டு கோட் அடித்து ஒரு நாள் காயவிடுங்கள். படங்களின் அளவுக்குக் காகிதம் வெட்டி, ஓரத்தில் மட்டும் நாடா ஒட்டி மறையுங்கள். பிறகு பழுப்பும் கறுப்பும் கலந்த சாயத்தைத் தண்ணீராகக் கரைத்து, ஸ்பாஞ்சில் தொட்டுப் பிழிந்து ஒற்றுங்கள். தட்டுக்கு மேலே அடர்த்தியாக, பக்கவாட்டில் லேசாக. புகை மேலே போவதால் கரியும் மேலேதான் படியும். சமமாகப் பூசினால் ஈரச்சுவர்போல் இருக்கும். காகிதத்தை உரித்ததும் ஒவ்வொரு சதுரத்தின் மேலும் ஒரு ஆணி. ஒரு ஆணியில் மட்டும் காய்ந்த பூச்சரத்தின் நார்.

நிஜ விளக்கு, சூடம், ஊதுபத்தி மூன்றும் வேண்டாம். மூடிய அரங்கில் நெருப்புக்கு அனுமதி வாங்குவது பெரும்பாடு, புகை கண்டுபிடிக்கும் கருவி அலறினால் நாடகம் முடிந்தது. பித்தளை விளக்குக்குள் பேட்டரியில் எரியும் மஞ்சள் எல்.ஈ.டி. போதும். விபூதியும் வேண்டாம். கறுப்புத் தரையில் வழுக்கும், அதைவிட முக்கியமாக, கொட்டிய விபூதியை நடிகர் மிதித்து நடப்பதைப் பார்க்க முன்வரிசைப் பாட்டிக்கு வேதனையாக இருக்கும். காலிக் கிண்ணத்தில் விரல் விட்டு எடுத்தாலே போதும்.

எழுதி முடித்ததும் பன்னிரண்டு பேருக்குப் படித்துக்காட்டுங்கள். நாலு பேர் தினம் கும்பிடுகிறவர்கள், நாலு பேர் விட்டவர்கள், நாலு பேர் இரண்டைப் பற்றியும் யோசிக்காதவர்கள். பிரதியில் ஒருவர் பென்சிலோடு உட்காரட்டும். சிரிப்பு விழுந்த இடத்தில் யார் யார் சிரித்தார்கள் என்று குறிக்கவேண்டும். விட்டவர்கள் மட்டும் சிரித்த வரியை வெட்டிவிடுங்கள், எவ்வளவு அழகான வரியானாலும். அது வெறும் கைதட்டல் வரி, அதில் புதிதாக எதுவும் இல்லை. கும்பிடுகிறவர்கள் மட்டும் சிரித்த வரியை வைத்துக்கொள்ளுங்கள். அங்கே நீங்கள் உள்ளேயிருந்து எதையோ சரியாகத் தொட்டிருக்கிறீர்கள்.

மும்பையில் நாடகம் போட, பிரதியை முன்கூட்டியே ரங்கபூமி பிரயோக் பரிநிரீக்ஷண் மண்டல் என்ற மகாராஷ்டிர அரசின் நாடகத் தணிக்கை வாரியத்தில் கொடுத்துச் சான்றிதழ் வாங்கவேண்டும். மதம் சம்பந்தப்பட்ட பிரதி என்பதால் மாதக் கணக்கில் நேரம் விட்டு வையுங்கள், டிக்கெட் விற்கத் தொடங்கிய பிறகு போய் நிற்கவேண்டாம். சான்று கொடுத்த பிரதிக்குத்தான் அந்தச் சான்று. அதனால் மேடையில் புதிதாகச் சேர்க்கும் அரசியல் கிண்டல்களை விட்டுவிடுங்கள். சட்டத்தையும் தெரிந்துகொள்வது நல்லது. இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 1927-இல் சேர்ந்த 295-ஏ பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 299-ஆம் பிரிவு. வேண்டுமென்றே, கெட்ட எண்ணத்தோடு மத உணர்வைப் புண்படுத்தினால் மூன்றாண்டு வரை சிறை. அந்த 'வேண்டுமென்றே, கெட்ட எண்ணத்தோடு' என்பதுதான் பிரிவின் உயிர் என்பதை 1957-இலேயே உச்ச நீதிமன்றம் விளக்கிவிட்டது. இருந்தாலும் வழக்கு வந்தால் அலைச்சல் உங்களுக்குத்தான், ஒரு வக்கீல் பிரதியைப் படித்துவிடட்டும். விளம்பரப் படத்திலும் சாமி உருவம் வேண்டாம். நாடகம் பார்க்காதவர்கள் கோபப்படுவது பெரும்பாலும் போஸ்டரைப் பார்த்துத்தான்.

கந்த சஷ்டி கவசம் போன்ற பழைய பாட்டின் வரிகள் பொதுச்சொத்து. கேசட்டில் கேட்ட இசையும் ஒலிப்பதிவும் அப்படியில்லை, அவற்றுக்கு உரிமம் வேண்டும். அம்மா சமையல் செய்துகொண்டே முணுமுணுப்பதுபோல் நடிகரே சொல்லிவிட்டால் செலவும் இல்லை, காட்சிக்கும் உயிர்.

அரங்கம் சின்னதாக இருக்கட்டும். சண்முகானந்தா அரங்கின் 2,700-க்கும் மேற்பட்ட இருக்கைகளுக்கு முன்னால் ஒரு கன்னத்தட்டு காணாமல் போய்விடும். ஜூஹுவில் 1978-இல் திறந்த பிருத்வி தியேட்டர்போல் 200 பேர், மூன்று பக்கமும் நெருங்கி உட்காரும் இடம் உச்சபட்சம். வெர்சோவா ஆராம் நகரின் சின்ன ஸ்டுடியோக்கள் முதல் ஆட்டங்களுக்குப் போதும், மைக்கும் தேவையில்லை. ஆனால் தாராவியிலிருந்தும் டோம்பிவிலியிலிருந்தும் வருகிறவர்களுக்கு அந்தேரிப் பக்கம் தூரம் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள். ஞாயிறு பகலில் தண்டவாளப் பராமரிப்புக்காக ரயில்களை நிறுத்தும் மெகா பிளாக் இருக்கும், 4 மணி ஆட்டம் வைத்தால் மத்திய ரயில்வேக்காரர்கள் பாதிக் கதைக்குத்தான் வந்து சேர்வார்கள். 6 மணி நல்லது. கணபதி விழாப் பத்து நாளும் வேண்டாம், டோல் மேளச் சத்தத்துக்கு நடுவே நிறுத்தங்கள் நிற்காது.

இங்கே பிறந்த பிள்ளைகளுக்குத் தமிழ் கேட்டால் புரியும், நெல்லைப் பேச்சு சற்றுத் தடுக்கும். அதற்காகத் திரையில் முழு மொழிபெயர்ப்பு போடாதீர்கள். கண் காதைவிட வேகம். நடிகர் வாயைத் திறப்பதற்குள் வாசித்துச் சிரித்துவிடுவார்கள். காட்சிக்கு ஒரு வரி, அதுவும் கதையைச் சொல்லாத வரி, போதும்.

கடைசிக் காட்சியை அம்மாவிடம் விடுங்கள். மகன் ஒருவழியாகச் சொல்லிவிடுகிறான், இனி என்னால் கும்பிட முடியாதும்மா. எட்டு விநாடி மௌனம். எட்டு என்பது நடிக்கும்போது எட்டு நிமிடமாகத் தெரியும், குறைக்காதீர்கள். பிறகு அம்மா: "நீ கும்பிடாண்டாம்லே. வெளக்க மட்டும் ஏத்திட்டுப் போ. எனக்குக் கை எட்டல." சிரிப்பு வரும், உடனே நிற்கும். அவன் ஸ்டூலில் ஏறுகிறான், விளக்கைத் தொடுகிறான், மஞ்சள் ஒளி வருகிறது. கை விளக்கை விட்டுக் கீழே இறங்கத் தொடங்கும் கணத்தில் விளக்குப்பலகைக்காரர் மற்ற வெளிச்சத்தை ஆறு விநாடியில் இறக்கவேண்டும். கை கன்னத்துக்குப் போனதா, பக்கத்தில் தொங்கியதா என்று தெரியும் முன் இருட்டு. இரண்டு விநாடி முந்தினால் காட்சி அறுந்துவிடும், இரண்டு விநாடி பிந்தினால் நாடகம் ஒரு கட்சியில் சேர்ந்துவிடும். இதை மட்டும் தனியாக இருபது முறை ஒத்திகை பாருங்கள்.

ஆட்டம் முடிந்ததும் மேடையில் கேள்வி-பதில் வைக்கவேண்டாம். அரங்கத்தைக் கூடுதலாக அரை மணி நேரத்துக்குப் பிடித்துவிட்டு, நடிகர் வாசலில் போய் நிற்கட்டும். ஒவ்வொருவராக வருவார்கள். சிலர் கையைப் பிடித்துக்கொண்டு தங்கள் அம்மாவைப் பற்றிப் பேசுவார்கள்.